கணக்குப்பிள்ளையைக் குற்றம் சொல்லுமுன் குழாயைப் பாருங்கள்



கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் கணக்கு நேராகும் வரை நமக்குத் தூக்கம் வராது. சரக்கு ஏற்றும் வேன் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் குறைத்து ஓடினால் மட்டும், "பழைய வண்டி, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி நான் விட்டதில் பண நஷ்டத்தோடு போகவில்லை, ஓர் உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில், முடிச்சூர் பக்கம் நிறுத்தியிருந்த எங்கள் ஆம்னி வேன் இரண்டு நாள் வெள்ளத்தில் நின்றது. ஆயில் மாற்றி ஓட்டத் தொடங்கினோம். புகைக்குழாயை யாரும் பார்க்கவில்லை. சில மாதங்களில் எஞ்சின் விளக்கு எரிந்தது. லிட்டருக்குப் பதினான்கு கொடுத்த வண்டி பத்துக்கு இறங்கியது. ஒரு பட்டறையில் கருவியைச் செருகிப் பார்த்து, "ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது" என்றார்கள். சில ஆயிரம் கொடுத்து மாற்றினோம். பத்தாம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

இதற்கிடையே டெலிவரிக்குப் போகும் பையன், "முதலாளி, வேன்ல உட்கார்ந்தாலே தலை வலிக்குது" என்றான். வெயில் என்று நினைத்து மோர் கொடுத்து அனுப்பினேன். ஒரு மழை நாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டிப் போனவன், ஊரப்பாக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி வாந்தி எடுத்தான். அன்றுதான் பழக்கமான ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் முன் இருக்கையைத் தூக்கி, எஞ்சினிலிருந்து குழாய் தொடங்கும் இணைப்பைக் காட்டினார். சுற்றிலும் கரி படிந்திருந்தது. "அண்ணாச்சி, சென்சார் மேல தப்பில்லை. கேஸ்கெட் போய், குழாய் துருப்பிடிச்சு, புகை இங்கேயே வெளியே வருது" என்றார்.

சென்சாரை நம் கடைக் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று எடைக்கு எடை வேண்டும். எரிந்தபின் குழாயில் மிஞ்சிய ஆக்ஸிஜனைப் பார்த்து, சென்சார் ஏறக்குறைய 0.1 முதல் 0.9 வோல்ட் வரை கணக்கு எழுதி அனுப்பும். குறைந்த வோல்ட் என்றால் காற்று அதிகம். எஞ்சின் கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். சென்சாருக்கு முன்னால் குழாயில் ஓட்டை இருந்தால், புகை விட்டுவிட்டுத் துடிப்பாக வருவதால் வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். பொய் பில்லைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை ஒழுங்காக எழுதுகிறார். நஷ்டம் முதலாளிக்கு!

அதே ஓட்டை வழியாகத்தான் கார்பன் மோனாக்ஸைடும் வண்டிக்குள் வந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். பூட்டிய குடோனுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சரக்கு ஏற்றுவதும், வண்டியை ஓடவிட்டு உள்ளே தூங்குவதும் கூடவே கூடாது.

பழைய வண்டி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை:

1. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் முனையைத் தடித்த துணியால் சில விநாடிகள் மட்டும் அடைக்கச் சொல்லுங்கள். ஒழுகும் இடத்தில் 'புஸ் புஸ்' என்று சத்தம் வரும். இதைத் திறந்த வெளியில் செய்யவும்.

2. குழாய் மாற்றும்போது கேஸ்கெட், நட்டு போல்ட்டு, சைலன்சர் ரப்பர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். துருப்பிடித்த குழாய்க்கு ஒட்டு வெல்டிங் வைத்தால் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழும்.

3. சென்சார் உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. சூடேற்றி உள்ள சென்சார் பொதுவாக ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் உழைக்கும். கழற்றுமுன் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும். புதியதின் முனையில் கையோ கிரீஸோ படக்கூடாது. அருகில் சாதாரண சிலிக்கான் பசை பூசினால் அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும்.

4. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. "அதை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டால் மலிவு" என்பார்கள். கேட்காதீர்கள். வண்டி புகைச் சோதனையில் தேறாது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு புகை விதிமீறலுக்கு அபராதம் ரூ.10,000 வரை உண்டு. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் பழையதற்கும் விலை உண்டு. மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வேனுக்கு முன் குழாயும் கேஸ்கெட்டும் மாற்றியதோடு வேலை முடிந்தது. விளக்கு அணைந்தது, மைலேஜ் திரும்பியது, பையனுக்குத் தலைவலி நின்றது. முன்பு வாங்கிய சென்சாருக்குக் கொடுத்த பணம் வீண் செலவாகப் பேரேட்டில் நிற்கிறது. அந்தப் பையன் முதல் நாள் சொன்னபோதே காது கொடுத்துக் கேட்கவில்லையே என்பதுதான் எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாத கணக்கு. உங்கள் வண்டியில் போகிறவர்கள் தலைவலி என்றால், அன்றைக்கே குழாயைப் பாருங்கள்.