ஓடி ஓடி நிற்கும் லொறி

நெல் மூட்டைகளோடு போகும் பழைய டீசல் லொறி இழுவை குறைந்து நடுவழியில் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து, ஒன்றும் நடவாததுபோல் ஸ்ரார்ட் ஆகிறது. உடனே பம்பைக் கழற்றச் சம்மதித்துவிடாதீர்கள். செலவு கூடிய வேலை அதுதான். இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறு பெரும்பாலும் டீசல் தடைப்படுவதால் வருவது.

நின்ற இடத்திலேயே பாருங்கள். தாங்கியின் மூடியைத் திறக்கையில் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்தித் துப்புரவாக்கினால் போதும். சத்தம் இல்லையா? பில்ரரின் மேலுள்ள காற்று எடுக்கும் திருகாணியைச் சற்றுத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். நுரை வந்தால் தாங்கிக்கும் பம்புக்கும் இடையே குழாய் வெடித்திருக்கும், அல்லது இணைப்புத் தளர்ந்திருக்கும். ஓடும்போது அந்த இடம் டீசலைக் கசியவிடாமல் காற்றையே உறிஞ்சுவதால் கண்ணுக்கு எளிதில் அகப்படாது.

டீசலே சரிவர வராவிட்டால் பில்ரரையும் தாங்கியினுள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் வாயையும் பாருங்கள். எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் ஓய, வாயில் ஒட்டிய குப்பை கீழே விழுந்துவிடும். லொறி தானாகச் 'சுகமாவது' இதனால்தான். துருப்பிடித்த பீப்பாவில் வைத்த டீசலை ஊற்றியவர்கள் முதலில் தாங்கியைக் கழுவட்டும்.

கோளாறு தீரும்வரை மூட்டைகளின் மேல் ஆட்களை ஏற்றாதீர்கள். எஞ்சின் நின்றால் பிரேக்கின் பலமும் குறையும்.