மோட்டார்க் காரின் தாழொலியும் விரியலாக்கியும்

நாதசுரக் கச்சேரியில் தவிலின் அருகே நிற்பவன் வலந்தலையின் ஒலியைக் காதாற் கேட்கின்றான். தொப்பியின் ஒலியையோ மார்பாலுங் கேட்கின்றான். தாழ்ந்த மீடிறனுடைய ஒலிக்கு இஃது இயல்பு. மனிதச் செவி செக்கனுக்கு 20 அதிர்வு தொடக்கம் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளை உணரவல்லதெனினும், அந்நெடிய எல்லையின் அடிப்பகுதியில் மிக மந்தமாகவே தொழிற்படுகின்றது. பிளெச்சர், மன்சன் என்னும் ஆய்வாளர் இருவர் 1933 ஆம் ஆண்டில் வெளியிட்ட சமவுரப்புக் கோடுகள் இதனைத் தெளிவாகக் காட்டின. நடுத்தர மீடிறன் ஒன்றினை எவ்வளவு உரப்பாகக் கேட்கின்றோமோ அவ்வளவு உரப்பாகத் தாழொலியைக் கேட்பதற்குப் பன்மடங்கு மிகுந்த அமுக்கம் வேண்டும். அன்றியும், ஒரே அமுக்கத்தை உண்டாக்குவதற்கு, மீடிறன் பாதியாகுந்தோறும் ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைதல் வேண்டும். ஆகவேதான் தாழொலிக்கெனப் பெரிய கூம்பும் தனியான வலுவும் தேவைப்படுகின்றன. அத்தகைய ஒலிபெருக்கியையே சப்வூபர் என்கின்றோம். அதனை இயக்குவது, பாடநூல்கள் விரியலாக்கி என்றும் கடைக்காரர் அம்பிளிபயர் என்றும் வழங்குங் கருவி.

இக்கருவியை வாங்கச் செல்லும் இளைஞர் முதலிற் கேட்பது, “இது எத்தனை வாற்று?” என்பதே. கேள்வியிற் குறையில்லை, விடையிலேதான் குறையுண்டு. பெட்டியின்மேற் பொறிக்கப்பட்டிருக்கும் 2,000, 3,000 என்னும் எண்கள், ஒரு கணப்பொழுதிற் கிடைக்கக்கூடிய உச்சத்தையோ, சில வேளைகளில் எவருக்கும் விளங்காத ஒரு கணக்கையோ குறிப்பன. நாம் நாடவேண்டியது, இடையறாது தரக்கூடிய வலுவையே, ‘ஆர்.எம்.எஸ்.’ என்னும் எழுத்துக்களுக்கு எதிரே எழுதப்பட்டிருப்பது அதுதான். அமெரிக்க நுகர்வோர் மின்னணுச் சங்கம் 2003 ஆம் ஆண்டில் இதற்கென ஓர் அளவுமுறை வகுத்தது. 14.4 வோல்ற்று வழங்கலில், 4 ஓம் சுமையில், திரிபும் இரைச்சலும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்றினை மிகாதபோது கிடைக்கும் வலுவே அம்முறைப்படி கூறத்தக்க வலுவாகும். இம்முறையில் அளந்தோம் என்று குறிப்பிடாத கருவியின் எண்ணை நம்பாதிருத்தலே நன்று. நம்பத்தக்க குறிப்பு வேறொன்றும் உண்டு: கருவியின் பக்கத்திற் செருகியிருக்கும் உருகியின் அளவு. 30 அம்பியர் உருகியுடைய ஒரு கருவி 13.8 வோல்ற்றில் உட்கொள்ளக்கூடியது ஏறக்குறைய 414 வாற்று. அதினின்றும் 2,000 வாற்று வெளிவருமாயின், இயற்கையின் விதிகளையே மாற்றி எழுதல் வேண்டும்.

விரியலாக்கி வலுவைப் படைப்பதில்லை. பற்றறியிலிருந்து வரும் வலுவை, இசைக் குறிப்பின் வடிவுக்கு இயைய, ஒலிபெருக்கிக்குத் திறந்துவிடும் ஒரு வாயிலே அது. இதனை மனத்திற் கொண்டால், காரின் முகப்பிலுள்ள வானொலிப் பெட்டி ஏன் சப்வூபரை இயக்கமாட்டாது என்பதும் விளங்கும். எஞ்சின் ஓடும்போது கிடைப்பது கூடியது 14.4 வோல்ற்று. அவ்வழுத்தத்தை முழுதாகப் பயன்படுத்தினாலும் 4 ஓம் ஒலிபெருக்கிக்குச் சேரக்கூடிய சைன் அலை வலு 26 வாற்றே. திரான்சிற்றர்களில் இழப்பது போக எஞ்சுவது 20 வாற்றளவு. முகப்பிலே ‘50 வாற்று நான்கு’ என்று எழுதியிருப்பது அலங்காரம் போலும்! தனி விரியலாக்கியினுள்ளே, இத்தாழ்ந்த அழுத்தத்தைச் சில பத்து வோல்ற்றுக்களாக உயர்த்தும் ஒரு பகுதி உண்டு. அதற்காகவே நாம் விலை கொடுக்கின்றோம்.

இனி, எவ்வளவு வலு வேண்டும்? வலுவை இரட்டித்தால் ஒலி மட்டம் உயர்வது 3 டெசிபெல் மட்டுமே. செவிக்கு அது சிறு வேறுபாடு. ஒலி இருமடங்கு உரப்பாகத் தோன்றுதற்கு ஏறக்குறைய பத்து மடங்கு வலு தேவை. மேலும், செக்கனுக்கு 40 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் நம் வெப்பமான வளியில் 8.7 மீற்றரளவு, அது காரின் நீளத்தினும் பெரிது. ஆதலின் மூடிய காரினுள் தாழொலியின் அமுக்கம் தானாகவே உயர்கின்றது. வீட்டு மண்டபத்துக்கு வேண்டிய வலு இங்கு வேண்டியதில்லை. சிறிய கார் ஒன்றிற்கு 200 தொடக்கம் 300 வாற்று வரை உண்மையான வலு போதும் என்பது என் கருத்து. அதற்கு மேற் செல்வோர் தாம் கேட்பதற்காகவன்றித் தெருவிலுள்ளோர் கேட்பதற்காகவே செலவிடுகின்றனர்.

300 வாற்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலிற் சுமையின் தடங்கலைப் பொருத்துதல் வேண்டும். ரைஸ், கெலொக் என்போர் 1925 ஆம் ஆண்டில் விவரித்த அசைசுருள் ஒலிபெருக்கியின் அமைப்பே இன்றும் சப்வூபரில் உள்ளது: காந்தப் புலத்தில் ஒரு சுருள், சுருளோடு பொருந்திய கூம்பு. ஆயின் இக்காலத்துச் சப்வூபர் பலவற்றில் ஒரே கூம்பிற்கு இரண்டு சுருள்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 4 ஓம் ஆயின், தொடராக இணைக்க 8 ஓமும் சமாந்தரமாக இணைக்க 2 ஓமும் ஆகும். ஒவ்வொன்றும் 2 ஓம் ஆயின், முறையே 4 ஓமும் 1 ஓமும் ஆகும். விரியலாக்கி தாங்கக்கூடிய மிகக் குறைந்த தடங்கல் 2 ஓம் என எழுதியிருக்க, 1 ஓம் சுமையைக் கொடுப்பின், அது தன்னளவு கடந்த ஓட்டத்தை வழங்க முயன்று வெப்பமுற்று நின்றுவிடும். காவற்சுற்று இல்லாததாயின் எரிந்தே போகும். பல்மானியால் அளக்கும்போது 4 ஓம் சுருள் 3.2, 3.6 என்றவாறு சிறிது குறைத்துக் காட்டும். அது பழுதன்று, பல்மானி காட்டுவது நேரோட்டத் தடையை மட்டுமே. தொழிற்படும் முறையில் ஏபீ வகுப்பு, டீ வகுப்பு எனக் கருவிகள் இருவகைப்படும். முன்னதன் திறன் முழு வலுவில் நூற்றுக்கு 60 அளவு, பின்னதன் திறன் 80 அல்லது அதற்கு மேல். தாழொலிக்கு டீ வகுப்பையே தெரிக.

நமது எடுத்துக்காட்டில் 300 வாற்று வெளிவருவதற்கு 375 வாற்று உட்செல்லல் வேண்டும். எஞ்சின் ஓடும்போதுள்ள 13.8 வோல்ற்றில் இதற்கு 27 அம்பியர் ஓட்டம் தேவை. வீட்டிலே 230 வோல்ற்றில் இதே 375 வாற்றுக்கு வேண்டியது 1.6 அம்பியரே. ஓட்டம் ஏறக்குறைய 17 மடங்கு. கம்பியில் உண்டாகும் வெப்பமோ ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், ஒரே கம்பியில் அது 278 மடங்கு! வீட்டு மின்வேலையில் நல்ல அனுபவமுள்ளோர் கூட, காரிலே கம்பியைத் தெரிவதில் தவறுவது இக்கணக்கை நோக்காமையினாலேயாம்.

பற்றறியிலிருந்து பின்பெட்டி வரை 5 மீற்றர் கம்பி வேண்டுமென்று கொள்க. வீட்டுக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியை இட்டால், அதன் தடை 0.034 ஓம், 27 அம்பியரில் ஏறக்குறைய 0.9 வோல்ற்று கம்பியிலேயே இழக்கப்படும். 25 வாற்று வெப்பம் தரைவிரிப்பின் கீழே, காற்றோட்டமில்லாத இடத்தில் வெளிப்படும். 8 கேஜ் என வழங்கும் 8.4 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் இழப்பு 0.28 வோல்ற்று, வெப்பம் 8 வாற்றுக்குட் படும். இசை இடையறாது உச்சத்தில் ஒலிப்பதில்லை; ஆதலாற் சராசரி ஓட்டம் இதனிற் குறைவே. எனினும் கம்பியை உச்சத்துக்கே தெரிதல் வேண்டும். கேஜ் எண் குறையக் கம்பி தடிக்கும். 4 கேஜ்க் கம்பி 21 சதுர மில்லிமீற்றர். மலிவாக விற்கப்படுங் கம்பிகளுட் பல, செப்பு முலாமிட்ட அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் செப்பினதில் ஐந்தில் மூன்று பங்களவே. அவ்வகைக் கம்பியாயின் ஒரு படி தடித்ததை வாங்குக. அறுத்த நுனியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெண்மை தெரியும்.

உருகியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. கருவியிலேயே உருகி இருக்கின்றதே, வேறொன்று எதற்கு என வினவுவர். கருவியின் உருகி கருவியைக் காப்பது. பற்றறியருகே இடும் உருகி கம்பியைக் காப்பது. எஞ்சின் அறைக்கும் ஆசனப் பகுதிக்கும் இடையேயுள்ள தகட்டுத் துவாரத்தின் விளிம்பில் உராய்ந்து கம்பியின் உறை கிழியுமாயின், பற்றறியின் நேர்முனை காரின் உடலோடு நேரே இணைந்துவிடும். ஈயப் பற்றறி அந்நிலையிற் பல நூறு அம்பியரைத் தரவல்லது. உறை தீப்பற்றச் சில செக்கன்களே போதும். பின்பெட்டியிலுள்ள உருகி அதனை அறியவும் மாட்டாது. ஆகவே பற்றறியிலிருந்து 45 சதமமீற்றருக்குள், நமது 8 கேஜ்க் கம்பிக்கு 40 அம்பியர் உருகி ஒன்றை இடுக. துவாரத்திற்கு றப்பர் வளையம் இடுக. வேலை தொடங்குமுன் பற்றறியின் மறைமுனையைக் கழற்றிவிடுக. உருகியைக் கடைசியிலேயே செருகுக.

மறைக் கம்பியும் அதே தடிப்புடையதாயிருத்தல் வேண்டும். அரை மீற்றருக்குட்பட்ட நீளமே நன்று. வர்ணத்தைச் சுரண்டி வெறும் உருக்குத் தகட்டிலே இறுக முடுக்குக. ஆசனப் பட்டியின் முளைக்கு இதனை ஒருபோதும் இணைத்தலாகாது. இசைக் குறிப்பைக் கொணரும் ஆர்.சீ.ஏ. வடத்தை வலுக் கம்பி செல்லும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுசெல்க. கருவியை எழுப்பும் மெல்லிய கம்பியை முகப்புப் பெட்டியின் அதற்குரிய முனையில் இணைக்க மறந்தால், எஞ்சினை நிறுத்திய பின்னரும் கருவி விழித்தேயிருந்து பற்றறியை வற்றச் செய்யும்படி வேறெங்கேனும் இணைக்க நேரிடும்.

வண்டியின் வகையையும் நோக்குதல் வேண்டும். நம் நாட்டில் மிகுந்துள்ள யப்பானியக் கலப்பு வண்டிகள் பலவற்றில் ஆல்ற்றனேற்றர் இல்லை. உயரழுத்தப் பற்றறியிலிருந்து ஒரு மாற்றி மூலமே 12 வோல்ற்றுப் பற்றறி மின்னேற்றம் பெறுகின்றது. பிறியஸ், அக்குவா முதலியவற்றுட் பலவற்றில் இச்சிறு பற்றறி பின்புறத்திலேயே இருத்தலாற் கம்பியின் நீளம் குறைவது ஒரு வசதி. ஆயின் வண்டியை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டால் அது விரைவில் வற்றும். வற்றினால் வண்டி புறப்படாது. செம்மஞ்சள் நிற உறையுள்ள வடங்களோ நூற்றுக்கணக்கான வோல்ற்றுக்களைக் கொண்டவை. அவற்றின் அருகே துளையிடவுங் கூடாது. பெரும் பேருந்துகளிலும் பாரவண்டிகளிலும் 24 வோல்ற்றே பொதுவழக்கு. இரண்டு பற்றறிகளுள் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற்றை எடுப்போர், அவ்விரண்டையும் விரைவில் இழப்பர். ஒரு பரட் கொள்ளளவியை வாங்கினாற் குறையெல்லாந் தீரும் என்பாரும் உளர். அழுத்தம் ஒரு வோல்ற்று விழும்போது அது தருஞ் சத்தி 13 யூல். நமது கருவிக்கு அது செக்கனில் நூற்றில் நான்கு பங்கு நேரத்துக்குங் காணாது.

கடைசியாக, ‘கெயின்’ என்னும் திருகு. இஃது ஒலியைக் கூட்டுந் திருகன்று. முகப்புப் பெட்டியின் குறிப்பழுத்தத்தைக் கருவிக்குப் பொருத்தும் திருகு. இதனை மிகத் திருப்பினால் அலையின் முடிகள் வெட்டுண்டு சதுரமாகும். அதே உச்சமுடைய சதுர அலை சைன் அலையைப் போல் இருமடங்கு வலுவைச் சுருளுக்குள் இறக்கும். கோயில் திருவிழாக்களிற் கூம்பு ஒலிபெருக்கிகள் கரகரத்துப் பின் ஊமையாவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பொருத்தும் வழி எளிது. சப்வூபரைக் கழற்றிவிட்டு, தாழொலி வடியை 80 இல் வைத்து, செக்கனுக்கு 50 அதிர்வுடைய சோதனைச் சுரத்தை முகப்புப் பெட்டியில் முக்கால் உரப்பில் ஒலிக்கச் செய்க. பல்மானியை ஆடலோட்ட அளவில் வைத்துக் கருவியின் வெளிமுனைகளில் அளக்குக. வலுவையும் தடங்கலையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வேண்டிய அழுத்தம் கிடைக்கும். 300 ஐயும் 2 ஐயும் பெருக்க 600, அதன் வர்க்கமூலம் 24.5 வோல்ற்று. சுமை ஏறும்போது உள்ளழுத்தம் சிறிது தாழுமாதலின் 23 வோல்ற்றிலேயே நிறுத்துக. பின்னர்ச் சப்வூபரை இணைத்து, சாரதியின் ஆசனத்திலிருந்து கேட்டு, அதன் நேர் மறை முனைகளை ஒருமுறை மாற்றியும் இணைத்துப் பார்த்து, முன்னொலிபெருக்கிகளோடு சேர்ந்து எந்நிலையில் தாழொலி நிறைவாய்க் கேட்கின்றதோ அந்நிலையில் விடுக.