உங்களுக்குத் தெரியுமா? ஓக் மரத்துக்கு ஓர் இரும்பு ஒட்டியாணம்!

இங்கிலாந்தின் மார்ல்பரோ ஊரிலிருந்து சாவர்நாக் காட்டுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே நெடுஞ்சாலையோரம் நிற்கிறது ‘பிக் பெல்லி ஓக்’. பெயருக்கேற்ற தொந்தி, சுற்றளவு சுமார் 11 மீட்டர்! வயது ஏறத்தாழ 1,000. முதுமையில் பிளந்துவிடாமலிருக்க இடுப்பில் இரும்புப் பட்டை பூட்டியிருக்கிறார்கள். மரத்தின் மீது எவ்வளவு அக்கறை!

காட்டின் நடுவே 18-ஆம் நூற்றாண்டில் உருவான பீச் மரச் சாலை சுமார் 6 கி.மீ. நேராக நீள்கிறது. அதை வடிவமைத்தவர் புகழ்பெற்ற தோட்டக்கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுன். காடு இன்றும் தனியார் சொத்துதான். 1939-இல் அரசின் வனத்துறை 999 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. பொதுவழி உரிமை உருவாகிவிடக் கூடாது என்பதற்காக, உள்சாலைகளை ஆண்டுக்கு ஒருநாள் மூடுவது வழக்கம்.