மணிக்கட்டில் இருக்கிறது வித்தை

கிரிக்கெட்டில் கற்கக் கடினமானது லெக் ஸ்பின் பந்துவீச்சு. வேகமோ வாட்டசாட்டமான உடலோ அதற்குத் தேவையில்லை. மணிக்கட்டும் பொறுமையும் வேண்டும். அந்த வித்தையோடு யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலிருந்து ஐ.பி.எல். வரை போனவர் விஜயகாந்த் வியாஸ்காந்த்.

பந்தின் எடை 156 முதல் 163 கிராம். சுட்டுவிரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே பந்தைப் பிடிக்க, மோதிர விரல் மடங்கித் தையலில் அண்டி நிற்கும். உள்மடிந்த மணிக்கட்டு, பந்தை விடும் கணத்தில் போத்தல் மூடியைத் திறப்பதுபோல இடப்பக்கம் திரும்பும். மோதிர விரல் தையலை உந்த, பந்து விர்ரெனச் சுழலும்.

சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் இழுக்கிறது. அதனால் ஒரு பக்கம் அழுத்தம் கூடி மறுபக்கம் குறைய, பந்து பாதை மாறுகிறது. இதுதான் மாக்னஸ் விளைவு. முன்னோக்கிய சுழற்சி பந்தைச் சட்டெனக் கீழே இறக்கும். அடிக்க முன்னே வந்தவர் ஏமாறுவார். பக்கச் சுழற்சி அதை வலதுகை ஆட்டக்காரரின் காலை நோக்கி வளைக்கும். நிலத்தில் பட்டதும் பந்து எதிர்ப்பக்கம் திரும்பி மட்டையின் விளிம்பைத் தேடும். மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் திருப்பிப் புறங்கை வழியே விட்டால் அது கூக்ளி. அதே கையசைவு, பந்து மட்டும் உள்ளே திரும்பும். 1900ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பொசன்கே ஆட்டக்களத்துக்குக் கொண்டுவந்த தந்திரம் அது.

வியாஸ்காந்த் 2001இல் பிறந்தவர். 1904 முதல் நடந்துவரும் ‘வடக்கின் பெரும் போர்’ ஆட்டத்தில் சென் ஜோன்ஸ் கல்லூரியை எதிர்த்து நிற்கும் மத்திய கல்லூரியின் பிள்ளை. 2020 டிசம்பரில், 19 வயது நிரம்பும் தறுவாயில், லங்கா பிறீமியர் லீக்கில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக இறங்கினார். முதல் விக்கெட் இலங்கையின் அனுபவ ஆட்டக்காரர் அஞ்சலோ மத்யூஸ். பிறகு பங்களாதேஷ், ஐக்கிய அரபு அமீரகம் என்று லீக்குகள் அழைத்தன. 2024இல் காயமடைந்த இலங்கை லெக் ஸ்பின்னர் ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை எடுத்தது. மே 8ஆம் தேதி லக்னோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 4 ஓவருக்கு 27 ஓட்டங்கள். விக்கெட் விழவில்லை, ஆனாலும் ஓட்டங்கள் குவியும் இருபது ஓவர் ஆட்டத்தில் அது நல்ல கட்டுப்பாடு.

தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்க்கை இப்படித்தான். ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கு மட்டும் இருக்கலாம். இன்னொருவரின் காயத்தால் வாசல் திறக்கலாம். திறக்கும் நாளில் மணிக்கட்டு தயாராக இருக்க வேண்டும்.

அந்தத் தயார்நிலை பள்ளி மைதானத்தில்தான் உருவாகிறது. மணிக்கட்டு ஒரு இம்மி பிசகினாலும் பந்து இடுப்புயரத்தில் போய்ச் சேரும், சிக்சர் பறக்கும். பல இடங்களில் அந்த ஓவரோடு பெடியனை நிறுத்திவிட்டு, நேராகப் போடுபவனிடம் பந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு லெக் ஸ்பின்னர் நமக்குத் தொலைவது அங்கேதான். அடி வாங்கியவனுக்கே அடுத்த ஓவரையும் கொடுங்கள். இந்தக் கலையை அவன் வேறெப்படியும் கற்க முடியாது.