பல கை மாறிய மடல்கள்: முதல் உலகப் போரில் இந்திய வீரரின் கடிதங்கள்

1914ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரான்சின் மார்சேய்த் துறைமுகத்தில் இந்திய வீரர்கள் வந்திறங்கினர். ஊரையும் உறவையும் எண்ணி ஏங்கிய அவர்களுக்குக் கடிதமே தொடர்பாக அமைந்தது. எனினும், அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆதலின் பிறரிடம் சொல்லி எழுதுவித்தனர். ஊரிலும் பெரும்பாலும் பிறரே படித்துக் காட்டினர். இடையில் தணிக்கை அதிகாரிகள் அவற்றைப் பார்வையிட்டனர். படையினரின் மனநிலையை அரசு அறிவதற்காக, உருது, இந்தி, பஞ்சாபி முதலிய மொழிகளில் அமைந்த கடிதங்களிலிருந்து சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இன்று காணக் கிடைப்பவை அப்பெயர்ப்புகளே. மூலக் கடிதங்களுள் பெரும்பாலானவை கிடைக்கவில்லை.

தம் கடிதம் பிறரால் படிக்கப்படும் என்பதை வீரர்களும் அறிந்திருந்தனர். ஆகவே மறைமொழியைக் கையாண்டனர். சில கடிதங்களில் கருமிளகு இந்திய வீரரையும் சிவப்பு மிளகு ஆங்கில வீரரையும் குறித்தன. கருமிளகு தீர்ந்து வருகிறது எனின், இந்திய வீரர் பலர் மடிந்தனர் என்பது பொருள். சரக்கு விலைச் செய்திபோல் தோன்றும் ஒரு தொடர், இல்லத்தார்க்கு இழவுச் செய்தியாயிற்று.

எனவே இம்மடல்களை வீரரின் நேர்க்கூற்றாக அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. பயனற்றவை என ஒதுக்குதலும் தகாது. சொன்னவர், எழுதியவர், பெயர்த்தவர், தெரிந்தெடுத்தவர் யாவர் என வினவிப் படிக்க மாணவரைப் பழக்குவோமாயின், அவ்வீரரின் குரலை ஓரளவேனும் நாம் கேட்கவியலும்.