பரிசோதனையில் தெரியாத வருத்தம்

"ரிப்போட் எல்லாம் நோர்மல். உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லையம்மா."

வன்னிக் கிராமங்களில் நான் சந்திக்கும் பெண்கள் பலர் இந்த வசனத்துடன்தான் வைத்தியசாலையிலிருந்து திரும்புகிறார்கள். ஒருவருக்குக் கால் இழுக்கிறது, இன்னொருவருக்கு வலிப்புப் போல வருகிறது. வீட்டிலோ "சும்மா நடிக்கிறாள்" என்ற பேச்சு. சிலரைப் பேய் பிடித்ததென்று கோயில் கோயிலாகக் கொண்டு திரிகிறார்கள்.

உடலுறுப்பு பழுதடைவதால் வரும் நோய் ஒருவகை. மூளையில் இரத்தம் கசிந்தால் ஸ்கானில் தெரியும். செல் துண்டு இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். மற்றைய வகையில் உறுப்பு நன்றாகவே இருக்கும், அதன் செயற்பாடுதான் குழம்பும். தையல் மெசினை நினைத்துப் பாருங்கள். ஊசி முறியவில்லை, சில்லும் சுற்றுகிறது. ஆனாலும் நூலின் இறுக்கம் பிசகினால் தையல் சரியாக விழாது. மெசினைப் படம் பிடித்துப் பார்த்தால் அந்தப் பிழை தெரியுமா? இதைச் செயற்பாட்டுக் கோளாறு என்பார்கள்.

இது வேறொன்றும் தெரியவில்லையே என்று ஊகித்துச் சொல்லும் பெயர் அல்ல. இதற்கென்றே அடையாளங்கள் உண்டு. 1908 இல் ஹூவர் என்ற அமெரிக்க வைத்தியர் விபரித்த சோதனை இன்றும் பயன்படுகிறது. மல்லாந்து படுத்திருப்பவரிடம் பலவீனமான காலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் முடியாது. நல்ல காலை உயர்த்தச் சொன்னால், அழுத்த முடியாத அதே குதிக்கால் தன்பாட்டில் அழுத்தும். நோயாளிக்கே இதைக் காட்டி விளக்குவது சிகிச்சையின் தொடக்கம். பிறகு இயன்மருத்துவப் பிரிவில் பின்பக்கமாக நடப்பது, தாளத்துக்கு அடி வைப்பது என்று பழக்குவார்கள். உளவளத்துணையும் சிலருக்கு உதவும்.

போரும் இழப்பும் இக்கோளாறு வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் பெருந்துயர் எதுவும் இல்லாதவருக்கும் இது வருவதுண்டு. 2013 இல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டில், மனஅழுத்தக் காரணம் கட்டாயம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது.

எனக்குக் கூடுதலாகக் கோபம் வருவது இன்னொன்றில். முகாமில் இருந்தவள், கணவனைப் பறிகொடுத்தவள் என்று அறிந்ததும், சரியாகப் பரிசோதிக்காமலே "மனவருத்தம்" என்று ஒதுக்கிவிடுவது! ஒரே பெண்ணுக்கு இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கலாம். திடீரென முகம் கோணினால், பேச்சுக் குழறினால், ஒருபக்கம் விழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது பழைய ரிப்போட்டுகளைக் கொண்டுபோங்கள். வலிப்புப் போல வந்தால், அருகிலிருப்பவர் அதைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து வைத்தியரிடம் காட்டட்டும். உடலில் செல் துண்டு இருக்கும் சகோதரிகள், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பே அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.