விளக்கில் கரி... மின்கலத்தில் ஆடை!



நான் சிறுவனாக இருந்தபோது கலசப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் மின்சாரம் கிடையாது. சாயங்காலம் ஆனால், அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் தொட்டுத் துடைப்பது என் வேலை. ஒருநாள் விளையாட்டு மும்முரத்தில் மறந்துவிட்டேன். மறுநாள் கணக்குப் பரீட்சை! திரியை ஏற்றிப் பார்த்தேன்; புகைதான் வந்தது. புத்தகத்தில் எழுத்து தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். "எண்ணெய் இருக்குது, திரியும் இருக்குது. மேல படிஞ்ச கரிதான்டா வெளிச்சத்தைத் தின்னுடுச்சி" என்றார்.

விரலால் துடைத்தால் போய்விடும் மெல்லிய கரி அது. இன்று பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் விஞ்ஞானிகளை வாட்டி எடுப்பதும் இதே போன்ற மெல்லிய படலம்தான். எங்கே தெரியுமா? எரிபொருள் மின்கலத்தில்!

எரிக்காமல் மின்சாரம்

கல்யாண மண்டபத்து வாசலில் ஜெனரேட்டர் 'தடதட'வென்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். டீசலை எரித்து, அந்த வெப்பத்தால் இன்ஜினை ஓட்டி, அதன் பிறகுதான் அது மின்சாரம் தருகிறது. வழியிலேயே பாதிக்கு மேல் சக்தி வெப்பமாக வீணாகிவிடும். புகையும் சத்தமும் வேறு!

எரிபொருள் மின்கலத்தில் தீப்பிழம்பே கிடையாது. பிரிட்டனைச் சேர்ந்த வில்லியம் குரோவ் 1839-ம் ஆண்டிலேயே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். 1937-ல் சுவிட்சர்லாந்தில் எமில் பவுர், ஹான்ஸ் பிரைஸ் என்ற இருவர், நடுவில் திரவமே இல்லாமல், திடப்பொருளை மட்டும் வைத்து இதைச் செய்தார்கள். அதுதான் 'திட ஆக்சைடு எரிபொருள் மின்கலம்'.

இது மூன்று அடுக்கு கொண்ட பீங்கான் தகடு போல இருக்கும். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஹைட்ரஜன். நடுவில் ஜிர்கோனியா என்ற பீங்கான். இருபுறமும் மின்முனைகள். இட்லியில் இருப்பது போல மின்முனைகளில் நுண்ணிய துளைகள் நிறைய உண்டு. சுமார் 600 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் இது வேலை செய்யும்.

காற்றில் உள்ள ஆக்சிஜன் எப்போதும் இரண்டு இரண்டு அணுக்களாகக் கைகோத்துத் திரியும். அந்த ஜோடி மின்முனையின் மேற்பரப்பில் வந்து அமர்ந்து பிரிகிறது. ஒவ்வோர் அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, பீங்கானுக்குள் புகுந்து மறுபக்கம் போகிறது. அங்கே நிக்கல் கலந்த மின்முனையில் ஹைட்ரஜனுடன் சேர்ந்து நீராவி ஆகிறது. கொண்டுவந்த எலக்ட்ரான்களை அங்கேயே விட்டுவிடுகிறது. அந்த எலக்ட்ரான்களால் பீங்கான் வழியாகத் திரும்பிப் போக முடியாது. வெளியே உள்ள கம்பி வழியாகத்தான் போகவேண்டும். அப்படிப் போகும்போது நம் பல்பை எரியவிட்டுப் போகின்றன!

ஒரு தகடு தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதனால் பல தகடுகளை அடுக்கி வைப்பார்கள்.

பால் ஆடை போல...

கவனித்தீர்களா? ஆக்சிஜன் பிரிவதும், ஹைட்ரஜனுடன் சேர்வதும் மின்முனையின் மேற்பரப்பில்தான். அந்தத் தோல் கெட்டால் எல்லாம் கெட்டது.

ஹைட்ரஜனுக்குப் பதில் இயற்கை எரிவாயுவையும் இதில் பயன்படுத்தலாம். ஆனால் அதில் கார்பன் இருக்கிறது. சரியான அளவில் நீராவி சேர்க்காவிட்டால் நிக்கல் மேல் கரி படிந்துவிடும். எங்கள் வீட்டு விளக்குக் கண்ணாடி கதைதான்!

காற்றுப் பக்கத்தில் வேறு தொல்லை. அங்குள்ள மின்முனையில் பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் என்ற உலோகம் கலந்திருக்கும். பாலைக் காய்ச்சினால் ஆடை மேலே வந்து மூடுகிறது அல்லவா? அதுபோலச் சூட்டில் நாளாக ஆக ஸ்ட்ரான்ஷியம் மெல்ல மேலே வந்து படலமாக மூடிக்கொள்கிறது. ஆக்சிஜன் உட்கார இடம் இல்லை. மின்சாரம் குறைகிறது. மின்கலத்தின் ஆயுளும் குறைகிறது.

துடைத்துவிடலாமே என்கிறீர்களா? அடுப்பை விடச் சூடான, மூடிய பெட்டிக்குள் யார் கை விடுவது!

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பில்கே இல்டிஸ் என்ற பெண் விஞ்ஞானியின் குழு 2016-ல் ஒரு வழி சொன்னது. மின்முனையின் மேற்பரப்பில் மட்டும் ஹாஃப்னியம் என்ற உலோகத்தை மிகச் சிறிய அளவில் சேர்த்தார்கள். ஆடை படிவது குறைந்தது. ஆக்சிஜன் முன்பைவிட வேகமாக உள்ளே போயிற்று. சிட்டிகை மருந்து போதுமாக இருந்தது!

திருச்சியில் இருந்து செவ்வாய்க்கு

திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் (இன்றைய என்.ஐ.டி.) படித்தவர் கே.ஆர்.ஸ்ரீதர். அமெரிக்காவில், செவ்வாய்க் கிரகக் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் கருவியை உருவாக்கும் வேலையில் இருந்தார். அந்தப் பயணம் கைவிடப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. 'மின்சாரம் கொடுத்தால் ஆக்சிஜன் வருகிறதே, திருப்பி ஓட்டினால் மின்சாரம் வருமே!' என்று யோசித்தார். 2001-ல் நிறுவனம் தொடங்கினார். இன்று 'புளூம் எனர்ஜி' என்ற பெயரில் அது திட ஆக்சைடு மின்கலங்களைச் செய்து விற்கிறது.

செவ்வாய்க் கனவும் வீண்போகவில்லை. 2021 ஏப்ரல் 20 அன்று, நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த 'மாக்ஸி' என்ற கருவி இதே முறையில் செவ்வாயில் ஆக்சிஜன் தயாரித்தது. 2023-க்குள் 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம் கொடுத்தது. அதிலும் ஓர் எச்சரிக்கை: மின்னழுத்தம் அளவுக்கு மீறினால் மின்முனையில் கரி படிந்துவிடும்! செவ்வாய்க்குப் போனாலும் கரி விடுவதில்லை, பார்த்தீர்களா?

இதைப் படிக்க ஆசையா? மின்வேதியியலுக்கென்றே நம் காரைக்குடியில் மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் திறப்பு விழா நடந்தது.

செய்து பாருங்கள்: கறுத்துப்போன பித்தளைச் சொம்பின் ஒரு பாதியை மட்டும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பளபளக்கும் பாதியும் மங்கிய பாதியும் ஒரே பித்தளைதான். மாறியது மேல்தோல் மட்டுமே.

படலம் படியாத, பல ஆண்டு உழைக்கிற, விலை குறைந்த மின்முனை இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டால், ஜவ்வாது மலைக் கிராமத்தில் கூட ஜெனரேட்டர் சத்தமும் புகையும் இல்லாமல் விளக்கு எரியவைக்கலாம்.

அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை, இப்போது இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். யார் கண்டது?